போஸ்டரா, சின்னமா, ஸ்லைடு பதிவா, புள்ளிவிவரப் படமா? ஓர் இயக்கம் முதலில் எதைச் செய்யலாம்

ஒரு கோரிக்கைக்காகச் சிலர் ஒன்றுசேர்ந்ததும், முதல் கூட்டத்திலோ இரண்டாவது கூட்டத்திலோ இந்தப் பேச்சு வந்துவிடும். ஒருவர் முதலில் லோகோ வேண்டும் என்பார். இன்னொருவர் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினால்தான் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பார். மூன்றாமவர், இந்தக் காலத்தில் யார் சுவரைப் பார்க்கிறார்கள், இன்ஸ்டாகிராமில் போடுவோம் என்பார். நம் கையில் இருக்கும் கணக்கை ஒரு படமாகப் போட்டாலே போதும் என்பார் நான்காமவர். நாலு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் டிசைன் தெரிந்தவர் குழுவில் ஒருவர்தான் இருப்பார், அவரும் பகலில் வேறு வேலை பார்ப்பவராக இருப்பார். நாலையும் அவர் தலையில் கட்டினால் நாலும் அரைகுறையாக வரும்.

இந்தக் குழப்பத்தில் இருப்பவர்கள் கேட்ட கேள்விகளை வைத்தே இதை எழுதுகிறேன். எந்த வடிவம் எந்த நிலைமையில் வேலை செய்யும், எதில் என்ன செலவு ஒளிந்திருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

## எதை வைத்து அளப்பது?

முதல் கேள்வி, பார்த்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது. கூட்டத்துக்கு வர வேண்டுமா? இதுவரை தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமா? நானும் உங்கள் பக்கம் என்று வெளியே காட்டிக்கொள்ள வேண்டுமா? அல்லது ஒரு முடிவை மாற்றிக்கொள்ள வேண்டுமா? இவற்றில் ஒன்றைக் குழுவால் சொல்ல முடியவில்லை என்றால் டிசைன் வேலையை இன்னும் தொடங்க வேண்டாம். விழிப்புணர்வு என்று பொதுவாகச் சொல்வதை நான் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது, யார் கண்ணில் பட வேண்டும்? ஏற்கெனவே ஆதரிப்பவர், இன்னும் முடிவு செய்யாதவர், அதிகாரத்தில் இருப்பவர் என்ற மூவருக்கும் ஒரே படம் பொருந்துவது அபூர்வம். மூன்றாவது, அது எத்தனை நாள் உயிரோடு இருக்க வேண்டும்? நான்காவது, உங்களைக் கேட்காமல் மற்றவர்கள் அதை நகலெடுத்துப் பரப்ப முடியுமா?

ஐந்தாவதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். ஆபத்து யார் தலையில் விழுகிறது? வரைந்தவர் அறைக்குள் இருக்கிறார். இரவில் பசை வாளியோடு போகிறவர், சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு வேலைக்குப் போகிறவர், சொந்தக் கணக்கில் பதிவைப் பகிர்கிறவர் ஆகியோர்தான் பிடிபடுகிறார்கள். அவர்களைக் கேட்காமல் வடிவத்தைத் தேர்வு செய்யக் கூடாது.

| | போஸ்டர் | சின்னம் | ஸ்லைடு பதிவு | புள்ளிவிவரப் படம் |
|---|---|---|---|---|
| எதற்கு ஏற்றது | அழைக்க, எதிர்கொள்ள | சேர்ந்து நிற்க | விளக்க, வழிகாட்ட | நிரூபிக்க |
| யாரை எட்டும் | வழியில் போகும் எவரையும் | ஏற்கெனவே ஆதரிப்பவரை | ஆதரவாளரையும் அவர் நண்பர்களையும் | முடிவு செய்யாதவர், செய்தியாளர், அதிகாரி |
| ஆயுள் | நாட்கள், வாரங்கள் | ஆண்டுகள் | மணிநேரம், நாட்கள் | எண் பழையதாகும்வரை |
| நகலெடுப்பது | ஒரே நிறமானால் எளிது | மிக எளிது, எளிதாக இருந்தாகவும் வேண்டும் | மிக எளிது, ஆனால் துண்டுதுண்டாகப் போகும் | எளிது, எண்ணைத் திரிப்பதும் எளிது |
| ஆபத்து யாருக்கு | ஒட்டுபவர், அச்சகம் | அணிபவர் | பகிர்பவர் | தரவு கொடுத்தவர் |
| ஒளிந்திருக்கும் செலவு | தாள், பசை, ஆட்கள், அனுமதி | கட்டுப்பாடு கைவிட்டுப் போவது | ஓயாத உழைப்பு | சரிபார்ப்பு, மறு கணக்கெடுப்பு |

## போஸ்டர்

போஸ்டரின் பலம், அது அழைக்காமலே எதிரே வந்து நிற்பதுதான். உங்களைக் கேள்விப்படாதவரும் உங்களோடு முரண்படுபவரும் அதே சுவரைத் தாண்டித்தான் போகிறார்கள். எந்த செயலியும் இந்த வேலையை இலவசமாகச் செய்து தருவதில்லை.

1968 மே மாதம் பாரிஸில் மாணவர்களும் ஓவியர்களும் நுண்கலைக் கல்லூரியைக் கைப்பற்றி, அட்லியே போப்புலேர் (மக்கள் பட்டறை) என்ற பெயரில் போஸ்டர் போட ஆரம்பித்தார்கள். முதலில் லித்தோ என்ற கல்லச்சு முறையில் அச்சடித்துப் பார்த்தார்கள். வேகம் போதவில்லை என்று, மெல்லிய வலைத்துணி வழியாக மையைத் தள்ளி அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு மாறினார்கள். பெரும்பாலும் ஒரே நிறம், தடித்த உருவம், சின்ன முழக்கம், யார் வரைந்தது என்ற கையெழுத்து கிடையாது. ஒவ்வொரு வரைவையும் பொதுக்கூட்டத்தில் வைத்து, சொல்லும் அரசியல் சரியா, அதை இந்தப் படம் சரியாகச் சொல்கிறதா என்று இரண்டே கேள்வி கேட்டார்கள். ஜூன் 27 அன்று போலீஸ் கல்லூரியைக் காலி செய்யும்வரை இது நடந்தது. அந்த இரண்டு கேள்விகளை இன்றைக்கும் எந்தக் குழுவும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நிறம் எனக்குப் பிடிக்கவில்லை, எழுத்து இன்னும் ஸ்டைலாக இருக்கலாம் என்று மணிக்கணக்கில் ஓடும் விவாதம் பாதியாகக் குறையும்.

ஒரு போஸ்டரைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். 1987இல் நியூயார்க்கில் ஆறு பேர் சேர்ந்து, சொந்தப் பணத்தில், எய்ட்ஸ் நெருக்கடி பற்றி ஒன்றைச் செய்தார்கள். முழுக் கறுப்புப் பின்னணி. நடுவில் ஓர் இளஞ்சிவப்பு முக்கோணம். நாஜி முகாம்களில் தன்பாலீர்ப்பு ஆண்களின் உடையில் தைக்கப்பட்ட அதே முக்கோணம்தான், ஆனால் கீழ்நோக்கி இருந்த முனையை மேல்நோக்கித் திருப்பிவிட்டார்கள். கீழே பெரிய வெள்ளை எழுத்தில், மௌனம் = மரணம் என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள். அதற்கும் கீழே, கிட்ட வந்தால் மட்டும் படிக்கக்கூடிய பொடி எழுத்தில், அதிபர் ரீகன் ஏன் எய்ட்ஸ் பற்றி வாய் திறக்கவில்லை என்ற கேள்வியும் வேறு சில கேள்விகளும். அதாவது தெருவின் எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு வாசிப்பு, சுவரோரம் நின்றவருக்கு வேறொரு வாசிப்பு. தூரத்து வாசிப்பு ஆளை இழுக்கிறது, கிட்டத்து வாசிப்பு விஷயத்தைச் சொல்கிறது. இன்று நான் பார்க்கும் பெரும்பாலான போராட்டப் போஸ்டர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. எல்லாவற்றையும் நடுத்தர அளவு எழுத்தில் நிரப்பிவிடுகிறார்கள். தூரத்திலும் தெரியாது, கிட்ட வரவும் தோன்றாது.

படமே இல்லாமலும் போஸ்டர் வேலை செய்யும். 1968இல் மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நெஞ்சுக்கு நேரே பிடித்த அட்டையில் நான்கு சிறு சொற்கள் மட்டுமே இருந்தன: ஐ ஆம் எ மேன், நான் ஒரு மனிதன். ஆம் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே ஒரு கோடு. அவ்வளவுதான் டிசைன். பக்கத்தில் பக்கத்தில் நூற்றுக்கணக்கானவர் ஒரே அட்டையைப் பிடித்து நின்றபோது ஒவ்வொருவரும் தனி மனிதர் என்பதும் எல்லோரும் ஒன்று என்பதும் ஒரே புகைப்படத்தில் வந்துவிட்டது. அந்தக் கோட்டைப் போட எந்த மென்பொருளும் வேண்டியதில்லை.

ஒளிந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். அச்சகங்களின் ஆஃப்செட் இயந்திரத்தில் அடித்தால், பிளேட் (அச்சுத் தகடு) போடும் செலவு முதலிலேயே விழும். நிறையப் பிரதிகள் அடித்தால்தான் ஒரு பிரதியின் விலை இறங்கும். அதனால் ஆசைப்பட்டு அதிகமாக அடித்து, ஒட்ட ஆள் இல்லாமல் கட்டுக்கட்டாகக் கிடக்கும் குழுக்கள் உண்டு. எத்தனை பேர் எத்தனை இரவு ஒட்டுவார்கள் என்று கணக்குப் போட்ட பிறகே எத்தனை பிரதி என்று சொல்லுங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், தனிக் காய்தல், எனவே ஒரு நிறமா இரண்டு நிறமா என்பது அங்கே நேர்ப் பணக் கணக்கு. பல நாடுகளில் அச்சகத்தின் பெயர் போஸ்டரில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை விட்டுவிட்டால் சிக்கல் அச்சகத்துக்காரருக்கு. தேதியோ தொலைபேசி எண்ணோ தவறினால் மொத்தமும் பழைய தாள்தான். அச்சுக்குப் போகுமுன் அந்த எண்ணுக்கு யாராவது ஒருவர் நிஜமாகவே போன் போட்டுப் பார்க்க வேண்டும்.

போஸ்டரைத் தேர்வு செய்யுங்கள், உங்கள் கோரிக்கை ஓர் இடத்தோடும் ஒரு தேதியோடும் கட்டுண்டதாக இருந்தால், பாதிக்கப்பட்டவர்களும் முடிவெடுப்பவர்களும் அதே தெருவில் நடப்பவர்களாக இருந்தால்.

## சின்னம்

சின்னத்தைப் பற்றி என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குழுக்கள் இதை முதலில் கேட்கின்றன, பெரும்பாலான குழுக்களுக்கு இது முதலில் தேவைப்படுவதில்லை.

நிலைத்து நின்ற சின்னங்கள் பலவும் ஒரு குறிப்பிட்ட நாளுக்காகப் பிறந்தவை. அணு ஆயுதத்துக்கு எதிராக 1958 ஈஸ்டர் வார இறுதியில் லண்டனிலிருந்து, அணு ஆயுத ஆய்வகம் இருந்த ஆல்டர்மாஸ்டனுக்குப் புறப்பட்ட நடைப்பயணத்துக்காக ஜெரால்டு ஹோல்டம் ஒரு குறியை வரைந்தார். வட்டத்துக்குள் செங்குத்தாக ஒரு கோடு, கீழ்நோக்கி விரியும் இரண்டு கோடுகள். கொடியசைத்துச் செய்தி அனுப்பும் செமஃபோர் முறையில் என், டி ஆகிய எழுத்துகளின் சேர்க்கை அது. அணு ஆயுதக் களைவு என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். குச்சியில் செருகிய வட்ட அட்டைகளாக 500 செய்தார்கள். பாதி வெள்ளையில் கறுப்பு, மீதி பச்சையில் வெள்ளை. பெரிய வெள்ளி, சனிக்கு முதல் வகை, ஞாயிறு, திங்களுக்கு இரண்டாவது என்று நாள் பிரித்து வைத்திருந்தார்கள். நாலு நாள் நடைக்காகச் செய்த அட்டையைத்தான் இன்று உலகம் முழுதும் சமாதானச் சின்னம் என்று அறிகிறது.

போலந்தில் 1980 ஆகஸ்டில் க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது யெர்ஸி யானிஷெவ்ஸ்கி எழுதிய, சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தின் எழுத்துச் சின்னமும் இப்படித்தான். சிவப்புத் தூரிகை எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும், நெரிசலில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் ஆட்கள்போல. ஓர் எழுத்தின் மேல் கொடி பறக்கும். தெருவில் நின்ற கூட்டத்தைப் பார்த்து எழுதிய எழுத்து அது.

கில்பர்ட் பேக்கர் 1978இல் வடிவமைத்த, பால்புதுமையினரின் வானவில் கொடியில் முதலில் எட்டு நிறங்கள் இருந்தன. ஒரு நிறத் துணி போதிய அளவு கிடைக்காததால் ஏழானது, அடுத்த ஆண்டு ஆறானது. ஆறு நிறத் துணியும் தையல் இயந்திரமும் இருந்தால் எவரும் தைக்கலாம் என்ற நிலைக்கு வந்த பிறகே அது எல்லா இடத்துக்கும் போனது. எனவே சின்னத்துக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். வரையத் தெரியாத ஒருவரிடம் மார்க்கரைக் கொடுத்து, பார்க்காமல் அட்டையில் வரையச் சொல்லுங்கள். வந்தால் சின்னம். நிழலும் சாய்வு வண்ணமும் இல்லாமல் அடையாளம் தெரியாமல் போகுமானால் அது நிறுவன லோகோ, இயக்கத்துக்கு உதவாது.

இதில் ஒளிந்திருக்கும் செலவு பணமாக வராது. சின்னம் உங்கள் கையை விட்டுப் போகும். ஹோல்டம் தன் குறிக்குப் பதிப்புரிமை கோரவில்லை, அதனால்தான் அது பரவியது. அதே காரணத்தால்தான் எந்தப் போராட்டத்துக்கும் சம்பந்தமில்லாத டி-சர்ட்டுகளிலும் வந்தது. உயிரினங்களின் அழிவை எச்சரிக்கும் வகையில் 2011இல் உருவான, வட்டத்துக்குள் மணற்கடிகாரம் கொண்ட எக்ஸ்டிங்ஷன் சின்னம் வேறு வழியில் போனது. யாரும் பயன்படுத்தலாம், வணிகத்துக்கு மட்டும் கூடாது. இரண்டில் எது உங்களுக்கு என்று முதல் நாளே எழுதி வையுங்கள். இன்னொரு செலவு அணிபவருக்கு. சின்னம் பிரபலமாகப் பிரபலமாக, அதை அணிந்தவரை அடையாளம் காண்பதும் எளிதாகிறது.

சின்னம் வேண்டியது எப்போது? ஒரே கோரிக்கையோடு பல இடங்களில், ஒருவரையொருவர் அறியாத குழுக்கள் ஏற்கெனவே இயங்கும்போது. ஒரே குழு, பத்துப் பேர் என்றால், பெயரைத் தடித்த எழுத்தில் எழுதினாலே இப்போதைக்குப் போதும்.

## ஸ்லைடு பதிவு

விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கும் பதிவுக்குத் தாள் வேண்டாம், பசை வேண்டாம், தவறு வந்தால் நீக்கிவிட்டு மறுபடி போடலாம். சிக்கலான விஷயத்தைப் படிப்படியாக விளக்க இதைவிட நல்ல வடிவம் இல்லை. ஒரு சட்டத் திருத்தம் என்ன சொல்கிறது, கைதானால் உங்களுக்கு என்ன உரிமை, புகாரை எங்கே எப்படிக் கொடுப்பது என்பனவற்றைப் போஸ்டரில் சொல்ல முடியாது, இங்கே சொல்லலாம்.

ஆனால் பதிவு ஓடுவது உங்களை ஏற்கெனவே பின்தொடர்பவர்கள் மத்தியில்தான். ஆயிரம் பேர் பகிர்ந்தார்கள் என்ற மகிழ்ச்சியில், அந்த ஆயிரத்தில் புதியவர் எத்தனை பேர் என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

பகிர்வது எளிது என்பதே சில நேரம் கேடாகவும் முடியும். 2020 ஜூன் 2 அன்று, அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் கொன்ற பிறகு, இன்ஸ்டாகிராமில் கோடிக்கும் மேற்பட்ட கறுப்புச் சதுரங்கள் பதிவாயின. இசைத்துறையில் ஒரு நாள் வேலையை நிறுத்தி யோசிப்போம் என்று தொடங்கியது, வெறும் கறுப்புக் கட்டமாகச் சுருங்கிப் பரவியது. பலர் அதோடு பிளாக் லைவ்ஸ் மேட்டர் ஹேஷ்டேகையும் சேர்த்தார்கள். களத்தில் இருந்தவர்கள் எங்கே கூட்டம், எங்கே உதவி என்று தேடிக்கொண்டிருந்த அந்த ஹேஷ்டேகில் கறுப்புக் கட்டங்கள் மட்டுமே வரிசையாக வந்தன. தயவுசெய்து அந்த ஹேஷ்டேகை நீக்குங்கள் என்று செயற்பாட்டாளர்களே கேட்க வேண்டியதாயிற்று. பகிர்ந்தவர்கள் நல்ல மனதோடுதான் பகிர்ந்தார்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற சொல் அந்தப் படத்தில் இல்லை, அதுதான் குறை.

இங்கே செலவு உழைப்பாக வருகிறது. ஒரு பதிவோடு நிற்காது, வாரம் இரண்டு மூன்று போட வேண்டும், பின்னூட்டங்களைக் கவனிக்க வேண்டும், வசவுகளை ஒருவர் படித்து நீக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் குழுவிலேயே இளையவராக இருப்பார், யாரும் அவரை எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை. அந்த வேலையை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

நடைமுறைக்கு ஒரு குறிப்பு. ஸ்லைடுகள் சேர்ந்து பயணிப்பதில்லை. நாலாவது ஸ்லைடை மட்டும் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ஆகவே ஒவ்வொரு ஸ்லைடிலும் தேதியும் குழுவின் பெயரும் தகவல் எங்கிருந்து வந்தது என்பதும் இருக்க வேண்டும். அதில்லாமல் போனால் மூன்று வருடம் கழித்து அதே ஸ்லைடு புதிய செய்தியாக வலம் வரும்.

## புள்ளிவிவரப் படம்

எனக்கு மிகவும் நெருக்கமான வடிவம் இது, மிகவும் பயப்படும் வடிவமும் இதுதான்.

1788இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் அடிமை வணிகத்தை எதிர்த்தவர்கள் புரூக்ஸ் என்ற கப்பலின் வரைபடத்தை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு லண்டன் குழு அதை விரிவாக்கியது. கப்பல் கட்டுபவர்கள் வரையும் தள வரைபடம்போலவே இருக்கும். ஆனால் சரக்கு இருக்க வேண்டிய இடத்தில் மனித உருவங்கள், இடைவெளியே இல்லாமல் வரிசை வரிசையாக. அப்போது வந்திருந்த சட்டப்படி அந்தக் கப்பல் 454 பேரை ஏற்றலாம். அதற்கு முன் ஒரு பயணத்தில் அது 609 பேரை ஏற்றியிருந்தது. படம் வரைந்தவர்கள் பெரிய எண்ணை எடுக்கவில்லை. சட்டம் அனுமதித்த அளவை ஒட்டியே உருவங்களை அடுக்கினார்கள், அதற்கே தளத்தில் இடம் இல்லை. மீதியைப் பார்ப்பவரே நினைத்துக்கொள்ள வேண்டும். எதிராளி மறுக்க முடியாத எண்ணை எடுத்து வரைவது எவ்வளவு வலிமையானது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பிரிட்டன் அந்த வணிகத்தை 1807இல் சட்டத்தால் தடை செய்தது. அதுவரை நடந்த பிரசாரத்தில் இந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே படத்தின் மீது நியாயமான குறையும் உண்டு. அதில் உள்ளவர்களுக்கு முகமில்லை, பெயரில்லை, எதிர்ப்பில்லை. எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த உருவங்கள். பாதிக்கப்பட்டவர்களை எண்ணாக்கும்போது அவர்களை இரண்டாம் முறையும் பொருளாக்கிவிடும் ஆபத்து உண்டு. உங்கள் படத்தில் ஒரு புள்ளி ஓர் ஆளைக் குறிக்கிறது என்றால், அச்சுக்குப் போகுமுன் அந்தப் புள்ளிகளில் ஒருவரிடமோ அவர் குடும்பத்திடமோ காட்டுங்கள்.

கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெண்ணியக் கலைஞர் குழுவினர் 1989இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் தலையெண்ணினார்கள். நவீன கலைப் பிரிவுகளில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் அங்குள்ள நிர்வாண உருவங்களில் 85 சதவீதம் பெண்கள். இந்த இரண்டு எண்களையும் கொரில்லா முகமூடி போட்ட நிர்வாணப் பெண் உருவத்தோடு வைத்தார்கள். விளம்பரப் பலகைக்காகச் செய்ததைக் கேட்ட அமைப்பே ஏற்க மறுத்ததால், பேருந்துகளில் விளம்பர இடம் வாடகைக்கு எடுத்து ஓடவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அதன்பிறகு அவர்கள் செய்ததுதான். 2005இலும் 2012இலும் திரும்பப் போய் எண்ணினார்கள். 2012இல் பெண் கலைஞர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாண உருவங்களில் பெண்கள் 76 சதவீதம். புள்ளிவிவரப் படத்தின் உண்மையான செலவு இந்த மறு கணக்குதான். வருடாவருடம் எண்ண ஆள் இருக்கிறாரா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணே இல்லாமலும் தரவைக் காட்டலாம் என்பதற்கு காலநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் 2018இல் வெளியிட்ட, வெப்பநிலை மாற்றத்தைக் காட்டும் வெப்பக் கோடுகள் சான்று. ஆண்டுக்கு ஒரு கோடு, குளிர்ந்த ஆண்டுக்கு நீலம், சூடான ஆண்டுக்குச் சிவப்பு. அளவு காட்டும் அச்சுக் கோடுகள் இல்லை, எழுத்து இல்லை.

உங்கள் தரப்பு உணர்ச்சிவசப்படுகிறது என்று எதிராளி தட்டிக்கழிக்கும் நிலையில், கையில் உறுதியான கணக்கு இருந்தால், இதைத் தேர்வு செய்யுங்கள். கணக்கில் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் வேண்டாம். அந்த ஓட்டையைப் பற்றி மட்டுமே பேச்சு நடக்கும்.

## நான்குக்கும் பொதுவானவை

அடுத்தவர் எடுத்த புகைப்படத்தை வைத்து வரைவது பெரிய பொறி. 2008 அமெரிக்கத் தேர்தலில் ஷெப்பர்ட் ஃபேரி செய்த ஒபாமா போஸ்டர், அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படத்தை அடிப்படையாகக் கொண்டதால் வழக்காகி 2011வரை இழுத்தது. எழுத்துருக்களுக்கும் உரிமம் உண்டு. தமிழில் எழுதும்போது டிசைன் மென்பொருள் ஒகர, ஓகாரக் குறிகளைப் பிரித்துப் போட்டுவிடுகிறதா என்று இறுதிக் கோப்பைத் திறந்து பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், அதனால் முழக்கத்தை முதலில் பெரிய எழுத்தில் அமைத்துவிட்டு மீந்த இடத்தில் படத்தை வையுங்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது, பார்வைக் குறை உள்ளவர்களும் படிக்கும்படி வகுத்த இணைய அணுகல் நெறி. சுவரிலும் அது நல்ல அளவுகோல்தான்.

## எனவே எதிலிருந்து தொடங்குவது?

ஒரு வாரத்தில் கூட்டம், கையில் பணம் குறைவு என்றால், ஒரே நிறப் போஸ்டர். அதையே செல்பேசியில் படம் பிடித்துப் பகிர்ந்தாலும் படிக்க முடியுமாறு அமையுங்கள். தனியாக டிஜிட்டல் வடிவம் செய்ய வேண்டாம். வெளியே தலைகாட்டினால் வேலை போகும் என்ற நிலையில் இருப்பவர்களோடு வேலை செய்கிறீர்கள் என்றால், அவர்கள் அணிய வேண்டிய சின்னமும், அவர்களே பகிர வேண்டிய பதிவும் வேண்டாம். பெயர் வெளியே வராத புள்ளிவிவரப் படத்தை வெளியிலிருந்து ஒருவர் கொண்டுபோகட்டும். நீண்டகாலப் பிரசாரம் என்றால் கணக்கெடுப்பிலிருந்து தொடங்கி, அதை ஸ்லைடுகளாகப் பிரித்து, அதில் எந்த ஒரு வரி மக்கள் வாயில் தங்குகிறது என்று பார்த்துப் போஸ்டராக்குங்கள். சின்னம் அதன்பிறகு தானாகவே கேட்டு வரும்.

நாலும் வேண்டாம் என்ற நிலைமையும் உண்டு. முடிவு ஒரே ஓர் அதிகாரியின் மேசையில் இருக்கிறது, அவர் இன்னும் மறுக்கவில்லை, பேசத் தயாராக இருக்கிறார் என்றால், சுவரில் அவர் பெயரைப் பார்த்த நாளே கதவு மூடிவிடக்கூடும். அப்போது டிசைனரிடம் கேட்க வேண்டியது, மனுவைப் படிக்கத் தோதான எழுத்தளவில் அமைத்து, இணைப்புகளுக்கு எண் போட்டு, முக்கியமான கணக்கை முதல் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் வைத்துத் தருவதைத்தான்.